ஹெய்ன்வில் நீதிமன்றத்து நாற்காலிகள்: லவுண்ட்ஸ் கவுண்டி சுதந்திர அமைப்பின் மணிவிழா வரலாறு

1966 மே 3, செவ்வாய்க்கிழமை. அலபாமா மாநிலமெங்கும் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளர்களை வாக்கெடுப்பு நடத்தித் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த நாள். லவுண்ட்ஸ் கவுண்டியின் தலைமையிடமான ஹெய்ன்வில்லில், நீதிமன்றக் கட்டடத்திலிருந்து அரை மைல் தள்ளி, ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வேறொரு தேர்வு நடந்தது. பருத்திக்காட்டு வாரக் குடியானவர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்கள் எனச் சுமார் 900 கறுப்பின மக்கள் கூடியிருந்தார்கள். ஷெரிப் பதவிக்கு யார், வரி மதிப்பீட்டாளர் பதவிக்கு யார், பள்ளி வாரியத்துக்கு யார் என்று ஒவ்வொரு பதவிக்கும் வாக்களித்துத் தங்கள் வேட்பாளர்களைத் தாங்களே நிறுத்தினார்கள். பதினான்கு மாதங்களுக்கு முன்புவரை அவர்களில் ஒருவருடைய பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இருந்ததில்லை. அன்று அவர்கள் கூடிய கட்சியின் பெயர் லவுண்ட்ஸ் கவுண்டி சுதந்திர அமைப்பு. அதன் சின்னம், பாயத் தயாராக நிற்கும் கருஞ்சிறுத்தை.

அந்த அமைப்புக்கு இது மணிவிழா ஆண்டு. கருஞ்சிறுத்தை என்றதும் பலருக்கும் நினைவு வருவது கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரமும் அங்கே துப்பாக்கி ஏந்தி நின்ற இளைஞர்களும்தான். அவர்களின் கருஞ்சிறுத்தைக் கட்சி பிறந்தது 1966 அக்டோபரில். சின்னத்தை அது எடுத்துக்கொண்டது லவுண்ட்ஸ் கவுண்டியிலிருந்து. ஓக்லண்டின் புகழ் ஹெய்ன்வில்லை மறைத்துவிட்டது எனக்கு என்றும் வருத்தம் தருவது. ஒரு கிராமப்புறக் கவுண்டியின் உள்ளாட்சி நாற்காலிகள் ஒவ்வொன்றும் யாருக்கு என்ன செய்யும் என்று எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து, அந்த நாற்காலிகளுக்கே அவர்களைப் போட்டியிட வைத்த இயக்கம் அமெரிக்க வரலாற்றில் இதுபோல் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

லவுண்ட்ஸ் கவுண்டி 1830-இல் அமைக்கப்பட்டது. மேற்கே செல்மா, கிழக்கே மாநிலத் தலைநகர் மாண்ட்கமரி. இரண்டையும் இணைக்கும் 80-ஆம் எண் நெடுஞ்சாலை இதன் ஊடாகப் போகிறது. கரிய களிமண் பூமி. அடிமைகளின் உழைப்பில் பருத்தி விளைந்த இந்த வட்டாரத்துக்கே மண்ணின் நிறத்தை வைத்துப் பெயர் வந்தது. 1900-இல் இங்கே 35,651 பேர் வாழ்ந்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தது. அடுத்த ஆண்டு வந்த அலபாமாவின் புதிய அரசியல் சாசனம் எழுத்தறிவுச் சோதனை, சொத்துத் தகுதி, தலைவரி என்று வேலிமேல் வேலி போட்டது. 1906-இல் பட்டியலில் எஞ்சிய கறுப்பினத்தவர் அறுபது பேர்கூட இல்லை. பிறகு அதுவும் போயிற்று.

1960 கணக்கெடுப்பில் கவுண்டியின் மக்கள்தொகை 15,417. ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு 86 வெள்ளைக் குடும்பங்களின் கையில் இருந்ததாக இயக்கத் தொண்டர்கள் கணக்கெடுத்தார்கள். வாக்குரிமைக்குத் தகுதியான வயதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இருந்தும் பட்டியலில் ஒருவரும் இல்லை. வெள்ளையர் பட்டியலிலோ தகுதியுள்ளவர்களின் எண்ணிக்கையைவிட அதிகப் பெயர்கள் இருந்தன. இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் அதில் வாக்காளர்களாகவே நீடித்தார்கள்.

பெரும்பான்மை மக்களால் இதை ஏன் மாற்ற முடியவில்லை என்பதற்கு ஆட்சி அமைப்பைப் பார்க்க வேண்டும். வாக்காளர் பதிவு வாரியத்தைக் கவுண்டி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில ஆளுநர் உள்ளிட்ட மூன்று மாநில அதிகாரிகள் நியமிக்கிறார்கள். அந்த வாரியம் மாதத்தின் முதல் திங்களும் மூன்றாம் திங்களும் மட்டுமே கூடியது. அந்தத் திங்களன்று வேலையை விட்டுவிட்டு நீதிமன்ற வாசலில் போய் நிற்பது, நிலக்காரரின் கண்ணில் படுவதற்குச் சமம். வீடும் அவருடையது, விதையும் அவருடையது, கடன் கணக்கும் அவர் நோட்டில். 1935-இல் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்த பருத்தித் தொழிலாளர்கள் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 'ரத்த லவுண்ட்ஸ்' என்று சுற்றுவட்டாரமே இந்தக் கவுண்டியை அழைத்தது.

அமைப்பின் முதல் தலைவர் ஜான் ஹியூலெட். 1927-இல் கார்டன்வில்லில் பிறந்தவர். பர்மிங்ஹாம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே பாதிரியார் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வர்த் நடத்திய உரிமை இயக்கத்தில் பழகியவர். 1950-களின் இறுதியில் ஊர் திரும்பினார். 1965 மார்ச் 1, திங்கட்கிழமை, அவரும் ஏறத்தாழ நாற்பது பேரும் பதிவு செய்ய ஹெய்ன்வில்லுக்குப் போனார்கள். பதிவாளர்கள் விரட்டிவிட்டார்கள். இரு வாரம் கழித்து மீண்டும் போனார்கள். இம்முறை பதிவு நடந்த இடம் பழைய சிறைக்கூடம். உள்ளே தூக்குமேடை இருந்த கட்டடம். அன்று பதிவானவர்கள் இருவர்: ஒருவர் ஹியூலெட், மற்றவர் பார்வையற்ற போதகர் ஜே. சி. லாசன். அறுபது ஆண்டுகளில் அந்தக் கவுண்டியின் பட்டியலில் ஏறிய முதல் கறுப்பினப் பெயர்கள் அவை. சில நாட்களிலேயே லவுண்ட்ஸ் கவுண்டி கிறிஸ்தவ மனித உரிமை இயக்கம் தொடங்கியது; ஹியூலெட் அதன் தலைவரானார்.

அதே மார்ச் மாதக் கடைசியில் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு 54 மைல் நடைப்பயணம் போனது. பாதையில் பெரும்பகுதி லவுண்ட்ஸ் வழியேதான். சாலை குறுகிய பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு. உலகம் பார்த்த அந்த ஊர்வலம் கடந்து போயிற்று. பயணம் முடிந்த இரவே, தொண்டர்களைக் காரில் ஏற்றிச் சென்ற டெட்ராய்ட் பெண்மணி வயோலா லியுஸோ இதே சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர்வலத்தோடு வந்த ஸ்டோக்லி கார்மைக்கேல், பாப் மாண்ட்ஸ் ஆகிய இளைஞர்கள் கவுண்டியிலேயே தங்கிவிட்டார்கள். 'ஸ்னிக்' என்று அழைக்கப்பட்ட மாணவர் அறப்போர் ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்தவர்கள். வழியில் வீட்டு வாசல்களிலும் தேவாலயங்களிலும் சந்தித்தவர்களின் பெயர்களைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு வீடாகத் திரும்பிப் போனார்கள். கவுண்டியின் ஒயிட் ஹால் என்ற ஊரில் உள்ளூர்க் குடும்பம் ஒன்று அவர்களுக்குத் தங்க வீடு கொடுத்தது.

ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. ஆகஸ்ட் 10 அன்று கூட்டாட்சி அரசின் பதிவு அதிகாரிகள் ஃபோர்ட் டெபாசிட் ஊரில் மேசை போட்டார்கள். எழுத்தறிவுச் சோதனை இல்லை. ஆகஸ்ட் 20 அன்று, ஹெய்ன்வில் சிறையிலிருந்து விடுதலையான தொண்டர்கள் குளிர்பானம் வாங்கப் போன கடை வாசலில், இறையியல் மாணவர் ஜொனதன் டேனியல்ஸ் சுடப்பட்டு இறந்தார். ரூபி சேல்ஸ் என்ற பதினேழு வயதுப் பெண்ணைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தான் வாங்கிக்கொண்டார் அவர். சுட்டவரை, முழுக்க வெள்ளை ஆண்களாலான நடுவர் குழு குற்றமற்றவர் என்று விடுவித்தது. நடுவர் பட்டியலும் ஒரு உள்ளாட்சி விவகாரம்தான் என்பதை மக்கள் அன்றைக்குக் கண்ணாரக் கண்டார்கள். கார்டீனியா ஒயிட் முதலானோர் தொடுத்த வழக்கில் 1966 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: லவுண்ட்ஸ் நடுவர் குழுக்களிலிருந்து கறுப்பினத்தவரை ஒதுக்குவதும், அலபாமா சட்டம் பெண்களை ஒதுக்குவதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம். அமெரிக்கப் பெண்களின் சட்ட உரிமை வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு.

பட்டியலில் பெயர் ஏறியாயிற்று, யாருக்கு வாக்களிப்பது? மாநிலத்தை ஆண்ட ஜனநாயகக் கட்சியின் வாக்குச்சீட்டுச் சின்னம் ஒரு சேவல். அதன் மேல் 'வெள்ளையர் மேலாண்மை' என்ற வாசகம். 1966 ஜனவரியில்தான் அந்த வாசகத்தை எடுத்தார்கள். கூடவே, லவுண்ட்ஸில் வேட்புமனுக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 டாலராக ஏற்றினார்கள். வாரக் குடியானவர் ஒருவர் ஓராண்டு உழைத்தாலும் கையில் மிஞ்சாத தொகை.

இந்த இடத்தில் அமைப்பின் வரலாற்றில் ஒரு நூலக வேலை வருகிறது. ஸ்னிக் அமைப்பின் ஆய்வாளர் ஜாக் மின்னிஸ் அலபாமாச் சட்டப் புத்தகங்களைத் துழாவி ஒரு பழைய பிரிவைக் கண்டெடுத்தார். கவுண்டி அளவில் தனிக் கட்சி தொடங்கலாம். மற்றக் கட்சிகளின் தேர்வு நாளிலேயே கூட்டம் கூட்டி வேட்பாளர்களை நிறுத்த வேண்டும். பொதுத் தேர்தலில் 20 சதவீத வாக்கு வாங்கினால் அங்கீகாரம். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கட்சிக்கும் சின்னம் வேண்டும். ஸ்னிக் தொண்டர் ரூத் ஹோவர்ட் முதலில் புறா ஒன்றைக் காட்டினார். அது சேவலுக்கு ஈடாகுமா? அட்லாண்டாவின் கிளார்க் கல்லூரிச் சின்னமான சிறுத்தையைப் பார்த்து அடுத்த படம் வரையப்பட்டது. சிறுத்தை தானாக யாரிடமும் வம்புக்குப் போவதில்லை, நெருக்கினால் பின்வாங்கும், மூலையில் அடைத்தால்தான் பாயும் என்று ஹியூலெட் பிறகு விளக்கம் சொன்னார்.

இதற்கிடையில் வாக்காளராகப் பதிந்த குடும்பங்களை நிலக்காரர்கள் வெளியேற்றத் தொடங்கினார்கள். 1965 டிசம்பர் கடைசியில் நெடுஞ்சாலை ஓரம் இயக்கத்தின் நிலத்தில் கூடாரங்கள் எழுந்தன. அந்தக் கூடார ஊரில் குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு வாழ்ந்தன. இரவில் சாலையிலிருந்து துப்பாக்கிச் சூடு வரும். கூடாரவாசிகள் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள்.

அமைப்பின் சாதனை எது என்று கேட்டால், அதன் அரசியல் வகுப்புகளையே நான் முதலில் வைப்பேன். தேவாலயங்களில் வாரந்தோறும் கூட்டம். ஜெனிஃபர் லாசன் வரைந்த படக்கதைகளை வைத்துக்கொண்டு பாடம். இவர் பின்னாளில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் உயர் பொறுப்பு வகித்தவர். பாடம் இதுதான்: ஷெரிப் யார்? சிறைச்சாலையும் துணைக் காவலர் நியமனமும் அவர் கையில். வரி மதிப்பீட்டாளர் யார்? தோட்டத்தின் மதிப்பு எவ்வளவு, குடிசையின் மதிப்பு எவ்வளவு என்று எழுதுபவர். மரண விசாரணை அதிகாரி யார்? ஆற்றில் மிதந்தது விபத்தா கொலையா என்று முடிவு சொல்பவர். ஷெரிப் பதவி காலியானால் அந்தக் கடமைகளையும் அவரே பார்ப்பார். பள்ளி வாரியம் எதற்கு? எந்தப் பள்ளிக்குப் பேருந்து ஓடும், எதற்கு ஓடாது என்பதற்கு. இந்தப் பதவிகளை வகிப்பதற்கு உயர்ந்த படிப்பு தேவை என்று ஒரு தலைமுறை முழுவதும் நம்ப வைக்கப்பட்டிருந்தது. பணிகளைப் படத்தில் பிரித்துக் காட்டியதும், "இதை நம்மால் செய்ய முடியாதா?" என்ற எண்ணம் தானே வந்தது.

மே 3 கூட்டத்தை முதலில் நீதிமன்றப் புல்வெளியில் நடத்தத்தான் விரும்பினார்கள். ஷெரிப் ஃப்ராங்க் ரயால்ஸ் மறுத்தார். தேவாலயத்தில் நடத்தலாம் என்று மாநிலத் தரப்பில் ஒப்புதல் வந்த பிறகே இடம் முடிவானது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவர்: ஷெரிப் பதவிக்கு சிட்னி லோகன், மரண விசாரணை அதிகாரிக்கு எமரி ராஸ், வரி மதிப்பீட்டாளருக்கு ஆலிஸ் மூர், வரி வசூலாளருக்கு ஃப்ராங்க் மைல்ஸ், பள்ளி வாரியத்துக்கு ராபர்ட் லோகன், ஜான் ஹின்சன், வில்லி மே ஸ்ட்ரிக்லண்ட். பணக்காரர்களிடம் முறையாக வரி வாங்கி ஏழைகளின் வயிற்றை நிரப்ப வேண்டும் என்பதே ஆலிஸ் மூரின் பிரசாரம்.

நவம்பர் 8. சிறுத்தைக்கு வாக்கைப் போடுங்கள், நேரே வீட்டுக்குப் போங்கள் என்பதுதான் அமைப்பு மக்களுக்குச் சொன்ன சொல். ஃபோர்ட் டெபாசிட்டில் தொண்டர் ஒருவரை அடித்து வீழ்த்தினார்கள். தோட்டக்காரர்கள் தங்கள் நிலத்துக் குடிகளை வண்டிகளில் ஏற்றிவந்து எதிர்த்தரப்புக்கு வாக்களிக்க வைத்தார்கள். எழுவரும் தோற்றார்கள். ஷெரிப் போட்டியில் ரயால்ஸுக்குச் சுமார் 2,300 வாக்கு, சிட்னி லோகனுக்கு 1,600-க்குச் சற்று மேல். ஆனால் சட்டம் கேட்டது 20 சதவீதம். கிடைத்தது 40-க்கும் மேல். லவுண்ட்ஸ் கவுண்டி சுதந்திரக் கட்சி என்ற பெயரில் சிறுத்தை அங்கீகாரம் பெற்றது.

1970-இல் கட்சி, மாநில அளவில் கழுகுச் சின்னத்தில் போட்டியிட்ட அலபாமா தேசிய ஜனநாயகக் கட்சியோடு இணைந்தது. அந்தத் தேர்தலில் ஜான் ஹியூலெட் ஷெரிப் ஆனார். தொடர்ந்து 22 ஆண்டுகள். கறுப்பினத்தவரை அடித்து உதைக்கும் காவல் வழக்கம் அவர் காலத்தில் ஒழிந்தது என்பதை அவரைக் குறைசொன்னவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு உயில் விவகார நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அலபாமாவில் கவுண்டியின் பத்திரப் பதிவும் தேர்தல் நடத்தும் பொறுப்பும் இந்தப் பதவிக்குரியவை. பழைய சிறைக்கூடத்தில் பெயர் பதிந்த மனிதர், கவுண்டியின் தேர்தல்களையே நடத்தும் நாற்காலியில் அமர்ந்தார்.

இவ்வளவோடு நிறுத்தினால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். ஹியூலெட்டும் தோழர்களும் 1970-களில் ஜனநாயகக் கட்சிக்குள் போய்விட்டார்கள். சிறுத்தை வாக்குச்சீட்டிலிருந்து மறைந்தது. ஊர்கூடி வேட்பாளரைத் தேர்ந்த முறை போய், சில தலைவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் வந்தது. வரலாற்றாசிரியர் ஹாசன் குவாமே ஜெஃப்ரீஸ் தம் 2009 நூலில் இந்தச் சரிவை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். ஆனாலும் தலைவர்கள்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. நாற்காலி கைக்கு வருவதற்குள் அதன் கால்கள் வெட்டப்பட்டன.

ஆலிஸ் மூர் கேட்ட பதவியையே எடுத்துக்கொள்வோம். 1971-இல் கூட்டாட்சி நீதிமன்றம், சொத்துகளை மாநிலமெங்கும் ஒரே அளவுகோலில் மதிப்பிட வேண்டும் என்றது. கறுப்பின மதிப்பீட்டாளர்கள் தோட்டங்களுக்கு உண்மையான மதிப்பு எழுதக்கூடிய காலம் வந்துகொண்டிருந்தது. உடனே 1972-இலும் 1978-இலும் மாநிலம் தன் அரசியல் சாசனத்தைத் திருத்தியது. வயலுக்கும் காட்டுக்கும் சந்தை மதிப்பில் வரி கிடையாது. இப்போதைய பயன்பாட்டு மதிப்பில் மட்டும். மொத்தச் சொத்துவரிக்கு உச்சவரம்பு. கவுண்டி தன் வரிவிகிதத்தை உயர்த்த வேண்டுமானால் மாண்ட்கமரி சட்டமன்றம் தனி மசோதா நிறைவேற்ற வேண்டும். அதன்மேல் உள்ளூர் வாக்கெடுப்பும் வேண்டும். 1901 சாசனம் கவுண்டிகளுக்குத் தன்னாட்சி தராமல் வைத்த அமைப்பு, வாக்குரிமை திரும்பக் கிடைத்த பிறகும் அப்படியே வேலை செய்தது. நிலம் பெரும்பாலும் மரக்காடாக மாறிவிட்ட லவுண்ட்ஸுக்கு அந்தக் காட்டிலிருந்து வரும் வரி அற்பம்.

வாக்களிக்கும் போக்கில் மட்டும் தடுமாற்றமில்லை. 1964-இல் அலபாமா வாக்குச்சீட்டில் ஜனாதிபதி ஜான்சனின் பெயரே கிடையாது. லவுண்ட்ஸின் வெள்ளை வாக்காளர்கள் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டரைத் தேர்ந்தார்கள். 1976 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் கவுண்டி ஜனநாயகக் கட்சியின் பக்கம். ஒபாமா காலத்தில் நான்கில் மூன்று வாக்கு. 2020-இல் பைடனுக்கும் ஏறத்தாழ அதே அளவு. ஒரே குறியில் ஒரு கட்சியின் வேட்பாளர் அனைவருக்கும் வாக்களிக்கும் வசதி அலபாமாவில் இன்றும் உண்டு. சுற்றியுள்ள மாநிலம் குடியரசுக் கட்சியின் கோட்டை. எனவே லவுண்ட்ஸின் குரல் அமெரிக்கக் காங்கிரஸுக்கான அலபாமாவின் ஏழாம் தொகுதியில் எடுபடும், மாநிலச் சட்டமன்றத்தின் பெரும்பான்மையில் எடுபடாது. மக்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்: 2020-இல் 10,311 பேர்.

இதன் விலையை வீட்டுக் கொல்லையில் பார்க்கலாம். பருத்தியை வளர்த்த களிமண் தண்ணீரை உறிஞ்சாது. வழக்கமான கழிவுத்தொட்டி இங்கே நிரம்பி வழிந்து வீட்டுக்குள்ளேயே திரும்பும். மண்ணுக்கேற்ற தொட்டி அமைக்க 20,000 டாலர்வரை ஆகும். அந்தப் பணம் இல்லாத குடும்பங்கள் குழாயை நேரே கொல்லைப் பள்ளத்தில் விட்டன. அதற்காக வழக்கும் கைதும் வரும் என்று மிரட்டப்பட்டன. 2017-இல் வெளியான ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட 55 பேரில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கொக்கிப்புழுத் தொற்றின் தடயம் இருந்தது. இந்தக் கவுண்டியின் மகளான கேத்தரின் கோல்மன் ஃப்ளவர்ஸ் இதை நாடறியச் செய்தார். 2020-இல் மெக்கார்த்தர் நல்கை பெற்றார். 2023 மே மாதம் கூட்டாட்சி நீதித்துறை மாநிலச் சுகாதாரத் துறையோடு ஒப்பந்தம் செய்தது: கைது மிரட்டல் நிற்க வேண்டும், தொட்டிகள் அமைக்கத் திட்டம் வேண்டும். 2025 ஏப்ரலில் புதிய நிர்வாகம் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது.

ஜான் ஹியூலெட் 2006-இல் காலமானார். அதே ஆண்டு, கூடார ஊர் இருந்த இடத்தில் தேசியப் பூங்காத் துறையின் விளக்க மையம் திறக்கப்பட்டது. போகிறவர்கள் அந்த மையத்தோடு நின்றுவிடாமல் ஹெய்ன்வில் நீதிமன்றம்வரை போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆலிஸ் மூர் கேட்ட வேலை இன்னும் முடியவில்லை. இப்போது அதன் சாவி கவுண்டியில் இல்லை, மாண்ட்கமரியில் இருக்கிறது. 2026 நவம்பர் 3 அன்று லவுண்ட்ஸ் தன் ஷெரிப்பைத் தேர்ந்தெடுக்கும். வரி உச்சவரம்பைத் தளர்த்தும் அதிகாரமுள்ள மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளுக்கும் அலபாமா வாக்களிப்பது அதே நாளில்தான்.